கூடுதலாக ஒரு டம்ளர்

ஈரல் நோய் பார்க்க வந்திருக்கும் இளம் டாக்டர்களே, உங்களைக் கொஞ்சம் சீண்டிவிட்டுத்தான் தொடங்கப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் எல்லோரும் படம் பார்ப்பதில் கெட்டிக்காரர்கள். ஸ்கேனைத் திரையில் விரித்து, கட்டி எவ்வளவு பெரிது, எந்த ரத்தக்குழாயை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மளமளவென்று சொல்லிவிடுகிறீர்கள். ஆனால் அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் இப்போது தன் அறையில் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்டால் பாதிப்பேர் திருதிருவென்று முழிக்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருவரிடம் கேட்டேன். "நன்றாக இருக்கிறார் மேடம், ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்" என்றார். நான் உடனே அந்த நோயாளியின் அறைக்கு நடந்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் மருத்துவக் கல்லூரியில் படித்தபோது பிணப் பரிசோதனை அறைக்குப் பொறுப்பாக ஒரு பேராசிரியர் இருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் இறந்தவரின் கட்சியில் நின்றுதான் பேசுவார். ஈரல் புற்றுநோயால் இறந்ததாகச் சொல்லி ஓர் உடலை அனுப்புவார்கள். திறந்து பார்த்துவிட்டு, "இவரையே கேட்டா வேற காரணம் சொல்லுவார்" என்பார். எட்டிப் பார்ப்போம். கட்டி எலுமிச்சம்பழ அளவில் ஈரலின் ஓரமாக, ஒரு பாவமும் அறியாததுபோல் இருக்கும். இரைப்பை முழுக்க ரத்தம் உறைந்து கிடக்கும். கட்டி இருந்தது நிஜம். ஆளைக் கொண்டுபோனது அதுவல்ல.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நோயாளிக்குச் சொல்வதுபோல் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். குடலிலிருந்து வரும் ரத்தமெல்லாம் ஒரே பெரிய குழாய் வழியாக ஈரலுக்குப் போகிறது. ஈரல் சுருங்கிக் கல்லாகிவிட்டால் அந்த ரத்தத்துக்குப் போக வழியில்லை. மடையை அடைத்துவிட்டால் வாய்க்கால் தண்ணீர் என்ன செய்யும்? மண் இளகிய வரப்பாகப் பார்த்து உடைத்துக்கொண்டு ஓடும். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் மெல்லிய நாளங்கள்தான் இங்கே வரப்பு. அவை புடைத்துப் புடைத்து ஒருநாள் கசியும், அல்லது உடையும். வயிற்றில் நீர் கோக்கும். ஈரல் வடிகட்டாமல் விட்ட கழிவு மூளைக்கு ஏறி ஆளையே மாற்றிவிடும். புற்றுநோய் பெரும்பாலும் இப்படிக் கல்லாகிப்போன ஈரலில்தான் முளைக்கிறது. ஆகவே ஓர் உடம்புக்குள் இரண்டு எமன்கள். எவன் முந்துகிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நம் வேலை.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து நோயாளிகளிடம் இதற்குமேல் இன்னொரு சிக்கல் உண்டு. மரியாதை. வலி இருக்கிறதா என்று கேட்டால், கேட்கிற டாக்டருக்குச் சங்கடமாகிவிடக் கூடாதே என்று "பரவால்லீங்க" என்பார்கள். தூங்கினீர்களா என்றால் "ஆச்சுங்க" என்பார்கள். மூளை மயங்கிக்கொண்டிருந்தாலும் அந்த மரியாதை மட்டும் கடைசிவரை மயங்காது. அதை நம்பி ஏமாறாத டாக்டர் இந்த ஊரில் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நோயாளியைக் கோவிந்தசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்னூர் பக்கம் பருத்திக்காடும் பருத்தியில் கொட்டை பிரிக்கிற ஜின்னிங் ஃபேக்டரியும் வைத்திருந்தவர். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வேர்விட்ட தெலுங்குக் குடும்பம். வெளியாட்களிடம் நம் கொங்குத் தமிழ், வீட்டு ஆட்களிடம் தெலுங்கு. இந்த ஊரில் அது அதிசயமில்லை. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவர். ஹெபடைடிஸ் பி கிருமி எந்தக் காலத்திலோ உள்ளே புகுந்து சத்தமில்லாமல் ஈரலைக் கல்லாக்கியிருந்தது. அந்தக் கல்லில் ஒரு கட்டி. சின்னது, ஓரத்தில் இருந்தது. கத்தி வைக்க வாகான இடம்.

எங்கள் ஆஸ்பத்திரி சர்ஜன் என்னோடு ஒன்றாகப் படித்தவர், கைராசிக்காரர். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஈரல் புற்றுநோயில் வெட்டி எடுக்கிற நிலையில் ஆள் வருவதே அபூர்வம். வருகிறவர்களில் முக்கால்வாசிப்பேர் கைமீறித்தான் வருவார்கள். குடும்பமும் நம்பிக்கையோடு நாள் பார்த்துக் குறித்துக் கொடுத்தது. சோதனைகள் ஓரளவு ஒத்துவந்தன. நானும் சரி என்றேன். அறுவைக்கு முன் ரத்தம் ஊறட்டும் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, சில நாள் முன்னதாகவே மாடியில் மூலை அறையில் சேர்த்துக்கொண்டோம்.

அவருடைய மனைவி ராஜம்மா வீட்டிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பும் எவர்சில்வர் டம்ளர்களும் கொண்டுவந்திருந்தார். எதற்கு என்று முதல்நாள் ரவுண்ட்ஸிலேயே தெரிந்துவிட்டது. நாங்கள் உள்ளே நுழைந்ததும் கோவிந்தசாமி கட்டிலைவிட்டு எழுந்தார். "வாங்க, வாங்க. உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்று எங்கள் ஒவ்வொருவர் கையிலும் டம்ளரைக் கொடுத்தார். வீட்டு வாசலுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் எந்தப் பேச்சும் தொடங்கக் கூடாது என்பது அவர் வளர்ந்த முறை. படுத்திருப்பது ஆஸ்பத்திரியானாலும் அவர் அறை அவர் வாசல். தினமும் இப்படித்தான். அந்த அறையில் தண்ணீர் குடிக்காமல் யாரும் நாடி பார்த்ததில்லை. எங்களுக்கும் அது பிடித்துப்போயிருந்தது.

மறுநாள் காலை அறுவை என்று இருந்த நாளில் வழக்கம்போல் ரவுண்ட்ஸ் போனோம். நான், சர்ஜன், ஓர் உதவி டாக்டர், நர்ஸ். விடிந்ததிலிருந்தே தூறல், வெளிச்சம் கம்மி. கோவிந்தசாமி எழுந்து நின்று, "வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க" என்றார். எங்கள் நால்வருக்கும் கொடுத்தார். பிறகு இன்னொரு டம்ளரை நிரப்பி எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே இருந்த மூலைக்குப் போனார். அங்கே ஒரு ஸ்டூல் மட்டும் இருந்தது. டம்ளரை நீட்டியபடி, யாரோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பவர்போல் நின்றார். அப்புறம் அதை ஸ்டூல்மேல் மெதுவாக வைத்துவிட்டுத் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்படி ஒரு உபசாரம் எந்த ஆஸ்பத்திரில கெடைக்கும்?" என்றார் சர்ஜன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் தைரியம் சொல்லி, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு மற்றவர்களோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

என் கால் மட்டும் நகரவில்லை. அறையில் ஒரு வாசனை இருந்தது. கொஞ்சம் பூஞ்சை, கொஞ்சம் அழுகிய இனிப்பு. ஈரல் கைவிடத் தொடங்கும்போது மூச்சில் வரும் வாசனை அது. அறை பூட்டிக் கிடந்ததால் இருக்கும், மழை ஈரமாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு கேட்டேன்.

"ஏனுங்க, அந்தத் தண்ணி யாருக்குங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

"என்னங்க டாக்டரம்மா, நீங்கதான கூட்டீட்டு வந்தீங்க" என்றார்.

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. எத்தனையோ சாவைக் கிட்டத்தில் நின்று பார்த்தவள். ஆனாலும் அந்த நேரத்தில் அந்த மூலைக்கு முதுகைக் காட்டி நிற்க எனக்கு மனம் வரவில்லை. பக்கவாட்டில் நகர்ந்துதான் வெளியே வந்தேன். பயமாகத்தான் இருந்தது.

ராஜம்மாவை வராந்தாவுக்கு அழைத்தேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். நான் விடாமல் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"சொல்ல வேண்டாம்னு பையன் சொல்லீட்டானுங்க. சொன்னா ஆபரேசன நிறுத்திப்போடுவீங்கன்னு பயப்படறானுங்க. அது அவிங்க அண்ணனுங்க டாக்டரம்மா. செத்து எத்தனையோ வருசமாச்சு."

"எப்ப இருந்துங்க இப்படி?"

"முந்தாநாள்ல இருந்துங்க. பகலெல்லாம் தூங்கறாரு. ராத்திரியானா அந்த மூலையப் பாத்துட்டு உக்காந்துக்கறாரு. 'ரா அன்னா'ன்னு தெலுங்குல கூப்படறாரு. வா அண்ணான்னு. பேசறாரு, சிரிக்கறாரு. நான் பக்கத்துல படுத்திருக்கறேன், எனக்கு மேலெல்லாம் நடுங்குதுங்க."

"அண்ணன் எப்படிங்க செத்தாரு?"

"ரத்தமா வாந்தி எடுத்தாருங்க. நல்லா இருந்த மனுசன். காட்டுல இருந்து வந்து ஒக்காந்தாரு, கொடங்கொடமா எடுத்தாரு, போயிட்டாரு. ஆரோ செஞ்சு வெச்சுப்போட்டாங்கன்னு சொன்னாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "கூட்டீட்டுப் போகத்தானுங்க வந்திருக்கறாரு."

அவர் சொன்னது தப்பில்லை என்று பட்டது. அண்ணனுக்கும் இதே கிருமி, இதே கல்லான ஈரல், இதே புடைத்த நாளங்கள். அண்ணனை எது கொண்டுபோனதோ அது இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் நான்கு பேர் தண்ணீர் குடித்துவிட்டுப் பாராட்டிக்கொண்டிருக்கிறோம்.

திரும்ப உள்ளே போனேன். "பஸ்ஸை நிறுத்தற மாதிரி ரெண்டு கையையும் நீட்டுங்க பாக்கலாம்" என்றேன். நீட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மணிக்கட்டிலிருந்து இரண்டு கைகளும் தாமாகவே விழுந்து எழுந்தன, மறுபடி விழுந்து எழுந்தன. புத்தகத்தில் படித்திருப்பீர்கள், ஈரல் மயக்கத்தில் பறவை இறக்கை அடிப்பதுபோல் வரும் கை நடுக்கம். அந்த அரையிருட்டில் பார்த்தால் அது வேறு மாதிரி இருந்தது. வாசலில் நின்ற ராஜம்மா, "போயிட்டு வாரேன்னு கை காட்டறாருங்க" என்று முணுமுணுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வெளிக்குப் போவது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா போகுதுங்க" என்றார். கறுப்பாகப் போகிறதா? "அது மாத்திரைனால அப்புடித்தான் போகும்னு பெரிய டாக்டர் சொன்னாருங்க." இரும்பு மாத்திரை சாப்பிட்டால் கறுப்பாகத்தான் போகும். அதனால் எங்களில் ஒருவரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு பெண் டாக்டரிடம் அதற்குமேல் பேச அவருக்கும் கூச்சம். நான் கையுறை மாட்டினேன். மாத்திரையின் கறுப்பு மங்கலாக, கெட்டியாக இருக்கும். கையுறையில் வந்தது ரோட்டுக்குப் போடும் தார்போல் பளபளத்தது, ஒட்டியது, நாற்றமெடுத்தது. அது ரத்தம். உள்ளே எங்கோ நாளம் கசிந்து, அந்த ரத்தம் குடலில் செரித்து, அதன் கழிவு மூளைக்கு ஏறி அண்ணனாக வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

சர்ஜன் அறைக்குப் போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஆபரேசன் வேண்டாம்" என்றேன்.

"என்ன ஆச்சு?"

சொன்னேன். டம்ளரையும் சேர்த்துச் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"செத்துப்போன அண்ணன் வந்திருக்கறார்னு நான் தியேட்டரை கேன்சல் பண்ணணுமா?" என்றார். சிரிக்கவில்லை. "இந்தக் கட்டி இன்னிக்குத்தான் சின்னது. விட்டா அந்தப் பெரிய குழாய்க்குள்ள போயிரும். அப்புறம் நீங்களும் நானும் வேடிக்கைதான் பாக்கணும். அவருக்குப் பொழைக்க ஒரே ஒரு சந்தர்ப்பம் இருக்கு. அதையும் நீங்க பிடுங்கறீங்க."

அவர் சொன்னதில் தவறே இல்லை. அதுதான் என்னைத் தின்றது. நான் நினைப்பது பொய்யாகப் போனால் ஒரு மனுஷனின் ஒரே வழியை அடைத்தவளாவேன். நிஜமாக இருந்து நான் வாயை மூடிக்கொண்டால், வயிற்றைத் திறந்ததும் மடை மொத்தமாக உடையும், மேஜையிலேயே முடிந்துவிடும். மேஜையில் தப்பினாலும் பாதி ஈரலை வைத்துக்கொண்டு அந்த மயக்கத்திலிருந்து அவர் திரும்பப்போவதில்லை. இளம் டாக்டர்களே, இந்த இடத்தில் உங்களுக்கு எந்தப் புத்தகமும் உதவாது. பக்கத்தில் நிற்கிறவர் உங்களைவிடத் திறமைசாலியாக வேறு இருப்பார்.

"மத்தியானமே குழாய் விட்டுப் பாத்துருவோம்" என்றேன். "நாளம் கசியலேன்னா நான் வாயத் திறக்க மாட்டேன். நாளைக்கு நீங்க தாராளமா வெட்டுங்க."

வேண்டாவெறுப்பாகத் தலையசைத்தார். எண்டோஸ்கோப் அறைக்கு அவரும் வந்து நின்றார். உணவுக்குழாயின் அடியில் நீலநீலமாக நாளங்கள் மண்புழுக்கள்போல் முறுக்கிக்கொண்டு கிடந்தன. ஒன்றின் முனையில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போது திரை கிடையாது, எண்டோஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கும் முனையை அவர் பக்கம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த போனை எடுத்துத் தியேட்டருக்குப் பேசி மறுநாள் அறுவையை எடுத்துவிடச் சொன்னார். நான் அந்த நாளங்களுக்குள் மருந்து ஊசி போட்டு அடைத்தேன். அப்போது இன்று போல் வளையம் போட்டுக் கட்டும் வசதி எங்களிடம் இல்லை.

மகன் என்மேல் பாய்ந்தான். "புத்துநோயக் கையில வெச்சுட்டு, வயித்தாலப் போறதுக்கு மருந்து குடுக்கறீங்களாங்க?" குடலைக் கழுவிக் கழிவை வெளியேற்ற இனிப்பான ஒரு சிரப் கொடுப்போமே, அதைத்தான் சொன்னான். கேலியாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவதாகக்கூடச் சொன்னான். ராஜம்மாதான், "டாக்டரம்மா மட்டுந்தான்டா அந்த டம்ளரப் பத்திக் கேட்டாங்க" என்று தடுத்தார்.

வயிறு கழியக் கழிய மயக்கம் கழிந்தது. அடுத்தடுத்த நாட்களில் மூச்சின் வாசனை போனது, கை நடுக்கம் நின்றது. ஒருநாள் காலையில் போனபோது இருந்த ஆட்களுக்குச் சரியாகத் தண்ணீர் வைத்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"அந்த மூலையில அண்ணன் இருந்தாருங்களே, நெனப்பிருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க." கொஞ்சம் வெட்கப்பட்டார். "அவரு இல்லேங்கறது பாதி தெரியுமுங்க எனக்கு. செத்தவரு எப்புடி வருவாருன்னு உள்ளுக்குள்ள ஒண்ணு சொல்லீட்டேதான் இருந்துச்சு. ஆனா வந்து நிக்கறவங்கள வாங்கன்னு சொல்லாம எப்புடீங்க இருக்கறது?"

நான் அவரிடம் உள்ளதைச் சொன்னேன். கட்டி இருக்கிறது, ஆனால் உங்களுக்கு முதல் ஆபத்து அதனால் இல்லை என்று மடையையும் வரப்பையும் வைத்துச் சொன்னதும் நான் முடிக்குமுன் புரிந்துகொண்டார். விவசாயி அல்லவா. ராஜம்மா அதன்பிறகு என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் எத்தனை மாதம் என்றுதான் கேட்பார்கள். அவர் அதைக் கேட்கவில்லை.

"எப்பவோ ஒருநா போகத்தானுங்க போறாரு. அது தெரியுது. போறப்ப என்னைய அடையாளந் தெரிஞ்சுட்டுப் போகோணுங்க. அண்ணன்கிட்டப் பேசீட்டே போயிரக் கூடாது. அத மட்டும் பண்ணிக் குடுத்துருங்க."

பார்க்கிறேன் என்றேன். ஈரல் நோயில் அதைவிடக் கஷ்டமான ஒன்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஈரல் கொஞ்சம் தேறியதும் கட்டிக்குள் மெல்லிய ஊசி வழியாக ஆல்கஹால் ஏற்றிப் பொசுக்கினோம். "ஆயுசுக்கும் குடிக்காதவனுக்கு ஈரல்லயே ஊத்தறீங்களே" என்று கோவிந்தசாமி கேட்டதில் சர்ஜன்கூடச் சிரித்துவிட்டார். மகனையும் குடும்பத்தில் எல்லோரையும் சோதித்தோம். கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டோம். இதைச் செய்ய மறந்துவிடாதீர்கள். அந்த அண்ணன் இறந்தபோது யாராவது இதைச் செய்திருந்தால் தம்பி என்னிடம் வந்திருக்கவே மாட்டார்.

அவர் ஒரு பருத்திப் பருவம் பார்த்தார். அடுத்ததும் பார்த்தார். கட்டி பொசுக்கிய இடத்தில் வெகுகாலம் அடங்கிக் கிடந்தது. நடுநடுவே நாளம் கசியும், வயிறு மலச்சிக்கலில் கட்டும், மூளை மயங்கும். வீட்டார் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். சண்டை போட்ட அதே மகன் அன்னூரிலிருந்து போன் பண்ணுவான். "டாக்டரம்மா, பெரியப்பா வந்துட்டாருங்க" என்பான். அதற்குமேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. "உடனே கூட்டீட்டு வாங்க" என்பேன். அப்பாவைக் கூட்டிவருவான். எங்கள் போன் ஆபரேட்டர் பெண் விவரம் தெரியாமல் ஒருநாள், "மேடம், பெரியப்பா வந்தா அப்பாவை ஏன் அட்மிட் பண்றீங்க?" என்று கேட்டாள். விவரம் சொன்னதும் அந்த வீட்டுப் போன் வந்தால் எடுக்கவே பயந்தாள். ஒவ்வொரு முறையும் அந்த மூலை ஆள் வந்து நின்று எங்களுக்கு முன்கூட்டியே சொன்னான். ஒவ்வொரு முறையும் நாங்கள் கசிவை அடைத்து அவனை அனுப்பிவைத்தோம். அவனுக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவள். ஆனாலும் போனில் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் என் அறை மூலையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

கடைசியில் கட்டி விழித்துக்கொண்டது. சர்ஜன் அன்று சொன்னபடியே பெரிய குழாய்க்குள் வளர்ந்து மடையை முழுதாக அடைத்தது. வயிறு பானையாக ஊதியது. சிறுநீர் நின்றது. மயக்கம் இம்முறை இறங்கவில்லை. கட்டியும் அடைபட்ட ரத்தத்தின் அழுத்தமும் கைகோத்துக்கொண்ட பிறகு நமக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. குடும்பத்திடம் சொல்லிவிட்டேன். சர்ஜன் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒருமுறை படியிறங்கும்போது, "அன்னிக்கு வெட்டியிருந்தா இத்தனை நாள் கெடச்சிருக்காது" என்றார்.

ராஜம்மா என்னிடம் எதையும் திரும்பக் கேட்கவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். குணப்படுத்துவதற்கு அல்ல, ஓர் அரைநாள் தெளிவுக்காக மட்டும் தெரிந்த மருந்தையெல்லாம் கொடுத்தேன். குடலைக் கழுவினேன். என்ன பைத்தியக்காரத்தனம் என்று உதவி டாக்டர்கள் நினைத்திருப்பார்கள்.

ஒரு பிற்பகல், அதே மாடி மூலை அறையில் வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வந்திருந்தது. நான் உள்ளே போனபோது கோவிந்தசாமி கண் திறந்திருந்தார். அவர் மூலையைப் பார்த்து ஏதோ தெலுங்கில் சொன்னார், மெல்லச் சிரித்தார், பதிலுக்குக் காத்திருந்தார், மறுபடி சொன்னார். அந்த மூலையில் வெயில் மட்டும்தான் இருந்தது. ராஜம்மா கட்டிலருகே வந்து நின்றார். கோவிந்தசாமியின் பார்வை மெதுவாகத் திரும்பி மனைவியின் முகத்தில் நின்றது. அடையாளம் தேடியது. எழுந்து நிற்க முயன்றார், முடியவில்லை. கையை மட்டும் ஸ்டூல் பக்கம் நீட்டினார்.

"வாங்கம்மா" என்றார். "உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

தமிழில் சொன்னார்.

ராஜம்மா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். சொம்பிலிருந்து தானே ஊற்றி, அவர் பார்க்கும்படி மெதுவாக முழுவதையும் குடித்தார். கோவிந்தசாமி கடைசி வாய் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, திருப்தியாகக் கண்ணை மூடிக்கொண்டார். பொழுது சாயுமுன் மூச்சு நின்றது. ரத்தம் வரவில்லை, வலிக்கவுமில்லை.

வராந்தாவில் ராஜம்மாவிடம் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். மருந்து மயக்கம், உள்ளுக்குள் உங்களைத் தெரிந்துதான் இருக்கும் என்று என்னவோ தொடங்கினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இல்லீங்க டாக்டரம்மா. எங்கிட்ட அவரு ஒருநாளும் தமிழ்ல பேசுனதில்லீங்க. ஆரோ வெளியாளுன்னு நெனச்சுப்போட்டாரு. அவரு ஊட்டுக்கு வந்தவங்க அத்தன பேருக்கும் நாந்தானுங்க சொம்பு வெளக்கித் தண்ணி மோந்து வெச்சேன். கல்யாணம் பண்ணி வந்த நாள்ல இருந்து எம்பட பக்கம் திரும்பி, உக்காரு, நீ குடிச்சயான்னு ஒரு வார்த்த கேட்டதில்லீங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னைக்குக் கேட்டாரு. நான் வெளியாளாவே இருந்துட்டுப் போறனுங்க."